ஆல்ஃபா பயிற்சி: அலை, உணர்வு, நினைவு மூன்றையும் தனித்தனியே அளப்பது

மூளையலைப் பயிற்சி (மூளையின் ஆல்ஃபா அலை, அதாவது நொடிக்குச் சுமார் 8–12 முறை துடிக்கும் மின்னலை, உயரும்போது ஒலி கேட்கச் செய்து அதை உயர்த்தப் பழக்குவது) முடித்தவர் "இப்போது நினைவு நன்றாக நிற்கிறது" என்றால், அதை முன்னேற்றம் என்று பதிந்துவிடாதீர்கள். அலை மாறியதா, தன் நிலை தனக்குத் தெரிகிறதா, நினைவு கூடியதா என்பவை மூன்று வேறு கேள்விகள்.

மூக்கின் மேற்குழியிலிருந்து பின்மண்டைப் புடைப்புவரை நாடாவால் அளந்து, புடைப்பிலிருந்து 30 சதவீதத்தில் பி-இசட் (Pz, உச்சந்தலைக்குப் பின்னால் நடுக்கோட்டில் உள்ள இடம்) புள்ளியைக் குறியுங்கள். மொத்தம் 36 செ.மீ. என்றால் 10.8 செ.மீ. தோலைத் தேய்ப்புப் பசையால் துடைத்து மின்முனையை ஒட்டுங்கள். ஒரு காதுச்சோணையில் ஒப்பீட்டு முனை (இதோடு ஒப்பிட்டே அலை அளக்கப்படும்), மற்றதில் எர்த் முனை. மின்மறுப்பு (தோலுக்கும் முனைக்கும் இடையிலான மின்தடை) 5 கிலோ ஓமுக்குக் கீழே வராமல் தொடங்கக் கூடாது. தலையில் எண்ணெய் இருந்தால் இறங்கவே இறங்காது. ஷாம்பு போட்டுக் குளித்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

கண் மூடி 2 நிமிடம், திறந்து 2 நிமிடம் பதியுங்கள். மூடிய பதிவில் ஆல்ஃபா உச்சம் (அலை மிக வலுவாக இருக்கும் அதிர்வெண்) 10 ஹெர்ட்ஸில் இருந்தால் பயிற்சிப் பட்டை, அதாவது உயர்த்தப் பழக்கும் அதிர்வெண் வீச்சு, 10–12 ஹெர்ட்ஸ். வயதானவர்களுக்கு உச்சம் தாழ்ந்திருக்கும், எனவே எல்லோருக்கும் ஒரே பட்டை வைக்காதீர்கள். ஒலி 60–70 சதவீத நேரம் கேட்கும்படி வரம்பை (அலை எந்த அளவைத் தாண்டினால் ஒலி வரும் என்பதை) வைத்து, கண் திறந்தபடி 3 நிமிடச் சுற்றுகள் 6. கண்ணை மூடினாலே ஆல்ஃபா ஏறும். அது கற்றல் அல்ல. தாடையை இறுக்கினால் 20 ஹெர்ட்ஸுக்கு மேல் தசை மின்சாரம் கலக்கும். வரம்பு தானாக மாறும் மென்பொருளில் ஒலியின் சதவீதம் எப்போதும் ஒன்றுபோலவே இருக்கும். அலையின் மைக்ரோவோல்ட் அளவைத்தான் (அதன் உயரத்தை) தொடக்கப் பதிவோடு ஒப்பிட வேண்டும்.

தன்னுணர்வுக்கு, சிகாகோ பல்கலைக்கழகத்தில் உளவியலாளர் ஜோ கமியா 1950களின் பிற்பகுதியில் தொடங்கிய சோதனை இன்றும் மிகத் தெளிவான வழி. பின்னூட்ட ஒலியை நிறுத்திவிட்டு, ஆல்ஃபா உயர்ந்தபோதும் தாழ்ந்தபோதும் ஒழுங்கின்றி மணி அடியுங்கள். எந்த நிலை என்று அவர் சொன்ன பிறகே சரியா தவறா எனக் கூறுங்கள். 40 முறை மணி அடித்ததில் 20 சரி என்றால் வெறும் ஊகம். 27 வந்தால் தற்செயல் என்று தள்ள முடியாது.

நினைவுக்கு, பயிற்சிக்கு முன்னும் பின்னும் 15 சொற்கள் கொண்ட பட்டியலைப் படித்துக் காட்டி, 20 நிமிடம் கழித்துக் கேளுங்கள். இரண்டாம் முறை வேறு பட்டியல், அதே கடினத்தில். அதே பட்டியல் என்றால் பழக்கத்தாலேயே மதிப்பெண் கூடும். கேட்பதற்கு முன், எத்தனை நினைவு வரும் என்று அவரையே சொல்லச் சொல்லி எழுதிவையுங்கள். அவர் சொன்ன எண் மட்டும் ஏறி, சரியான சொற்கள் ஏறாவிட்டால் வளர்ந்தது தன்னம்பிக்கைதான்.

முன்னேற்றம் பயிற்சியால்தானா என்று அறிய, முடிந்தால் ஒரு குழுவுக்கு இன்னொருவரின் பதிவிலிருந்து பொய்ப் பின்னூட்டம் கொடுங்கள். கவனக்குறைவுள்ள குழந்தைகளிடம் நடந்து 2021இல் வெளியான அமெரிக்க ஆய்வில், உண்மைப் பயிற்சி பெற்றவர்களும் பொய்ப் பயிற்சி பெற்றவர்களும் ஒரே அளவில் முன்னேறினார்கள்.