பையர் பேசற இடியம் புரியணுமா, இப்படிப் பழகுங்க

திருப்பூர், கரூர் பக்கம் எக்ஸ்போர்ட் ஆபீஸ்ல மெர்ச்சண்டைசிங் வேலைக்கு (பையர், அதாவது நம்ம துணிய வாங்கற வெளிநாட்டுக்காரர்கிட்டப் பேசி ஆர்டர முடிச்சுக் குடுக்கற வேலை) சேர்ற பசங்க புள்ளைங்க நெறையப் பேரு இங்கிலீஷ் இடியம் (வார்த்தைக்கு வார்த்தை அர்த்தம் எடுத்தா புரியாத சொல்வழக்கு) லிஸ்ட் ஒண்ண டவுன்லோட் பண்ணி மேலருந்து கீழ வரைக்கும் மனப்பாடம் பண்றாங்க, தயவுசெஞ்சு அதப் பண்ணாதீங்க. 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' (மழை கொட்டோ கொட்டுன்னு கொட்டுது) மாதிரி பழசெல்லாம் அதுல கெடக்கும், இன்னைக்கு இங்கிலீஷ்காரங்களே அதப் பேச்சுல அபூர்வமாத்தான் சொல்றாங்க. மெயில்லயும் ஜூம் கால்லயும் நெசமா வர்றத மொதல்ல புடிங்க.

பையர் எந்த நாடுன்னு பாருங்க. அமெரிக்கான்னா பேஸ்பால்லருந்து வந்தது நெறைய இருக்கும். 'பால்பார்க் ஃபிகர்' கேட்டா குத்துமதிப்பா பீஸுக்கு எவ்வளவு ஆகும்னு அப்பவே சொல்லோணும், அதுக்கோசரம் நூல், நிட்டிங், டையிங், சிஎம்டி (வெட்டித் தச்சு முடிக்கற கூலி) எல்லாம் கூட்டி ரெண்டு நாள் கழிச்சு காஸ்டிங் ஷீட் அனுப்பிட்டு இருக்காதீங்க. 'டச் பேஸ் ஆன் ஃப்ரைடே'ன்னா வெள்ளிக்கெழம ஒருதடவ பேசிக்கலாம், அவ்வளவுதான். சாப்புடக் கூப்புட்டா 'ஐ வில் டேக் எ ரெயின் செக்'னு சொல்லுவாங்க, மழையில மேட்ச் நின்னுபோனா இன்னொரு நாள் வந்து பாக்கச் சீட்டு குடுப்பாங்க, அதுதான் ரெயின் செக், அதனால இப்ப வேண்டாம், இன்னொருக்கா பாக்கலாம்னு அர்த்தம்.

இங்கிலாந்துன்னா கிரிக்கெட். நமக்கு நல்லாத் தெரிஞ்ச ஆட்டம்னு இங்கதான் ஏமாந்துபோவோம். 'த நியூஸ் நாக்ட் மீ ஃபார் சிக்ஸ்'னு ஒருத்தர் சொன்னா சந்தோசமா கங்கிராட்ஸ் சொல்லீராதீங்க, சிக்ஸுக்குப் போன பந்து அவருதான், அந்தச் சேதியில ஆடிப்போயிட்டாருன்னு அர்த்தம். 'ஸ்டிக்கி விக்கெட்'னா இக்கட்டான நெலமை.

'த பால் இஸ் இன் யுவர் கோர்ட்' டென்னிஸ்லருந்து வந்தது, அடுத்து நீங்கதான் செய்யோணும்னு அர்த்தம். இத ரொம்ப கவனமாப் பாக்கோணும், ஏன்னா அப்ரூவல் வரும்னு நீங்க காத்துட்டு இருப்பீங்க, அவங்க உங்க பதிலுக்குக் காத்துட்டு இருப்பாங்க, நடுவுல ஷிப்மென்ட் தேதி ஓடிப்போகும். 'கட்டிங் கார்னர்ஸ்'னு மெயில் வந்தா அது கட்டிங் செக்‌ஷன் சமாச்சாரமில்லீங்க, செலவ மிச்சம்பண்ண தரத்தக் கொறைச்சுட்டீங்கங்கற புகார், உடனே மேனேஜர்கிட்டச் சொல்லிப்போடுங்க. 'இன் த பிளாக்'னா லாபத்துல இருக்காங்க, 'இன் த ரெட்'னா நஷ்டம். நம்மூருல பிளாக்னா கணக்குல வராத பணம், அந்த நெனப்ப இங்க கொண்டுவராதீங்க.

'லெட்ஸ் டேபிள் திஸ்' இன்னும் ஆபத்து. இங்கிலாந்துக்காரர் சொன்னா இத இப்பப் பேச எடுத்துக்கலாம்னு அர்த்தம், அமெரிக்காக்காரர் சொன்னா இத அப்பறம் பாத்துக்கலாம், தள்ளி வைங்கன்னு அர்த்தம், நேர் எதிரு.

எழுதி வைக்கறப்ப இடியத்த மட்டும் எழுதாம அது வந்த முழு வாக்கியத்தையும் யார் சொன்னாங்கறதையும் சேர்த்து எழுதுங்க. வார்த்தைய மாத்தக்கூடாது, 'ஆன் த சேம் பேஜ்'தான் (ரெண்டு பேருக்கும் ஒரே கருத்துன்னு அர்த்தம்), 'இன் த சேம் பேஜ்' இல்ல, ஆனா 'யுவர் கோர்ட்' மட்டும் ஆளுக்குத் தகுந்த மாதிரி 'மை கோர்ட்', 'தேர் கோர்ட்'னு மாறும். சந்தேகம்னா கேம்பிரிட்ஜ் டிக்‌ஷனரி சைட்ல தேடுங்க, இன்ஃபார்மல், ஓல்ட் ஃபேஷன்டுன்னு பக்கத்துலயே போட்டிருப்பாங்க. காதுல விழோணும்னா யூக்ளிஷ்ங்கற சைட்ல அந்த வரிய டைப் பண்ணுங்க, யூட்யூப் வீடியோவுல ஆளுங்க அதப் பேசற எடத்துக்கே கூட்டிட்டுப் போகும், அமெரிக்கா, இங்கிலாந்துன்னு தனித்தனியாவும் கேக்கலாம்.

நாலஞ்சு பேர் வாயில கேட்டதுக்கப்பறம் நீங்க பேசுங்க, அது வரைக்கும் புரிஞ்சா போதும். விலை, தேதி, அளவு எழுதற மெயில்ல இடியமே வேண்டாம். கால்ல ஒண்ணு புரியலைன்னா தலைய ஆட்டாம 'குட் யூ புட் தட் அனதர் வே?'ன்னு அங்கயே கேட்டுப்போடுங்க, அவங்க சாதாரண இங்கிலீஷ்ல திருப்பிச் சொல்லீருவாங்க.