மார்ப்பிள் ஆச்சியை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது

மிஸ் மார்ப்பிள் கொலைகளைத் துப்பறியும் ஒரு கிராமத்து ஆச்சி. அகதா கிறிஸ்டி எழுதிய மிஸ் மார்ப்பிள் நாவல்கள் மொத்தம் 12. முதலாவது 1930-இல் வந்த 'தி மர்டர் அட் தி விகாரேஜ்'. அதிலேயே தொடங்குங்கள். கொலை நடப்பது ஒரு கிராமத்துக் குருவானவர் வீட்டில். தூத்துக்குடி மாவட்டத்து நாசரேத், மெஞ்ஞானபுரம் பக்கத்து ஆட்களுக்கு அந்த ஊர் சட்டென்று பிடிபடும். சபையார் கூடி உண்ணும் அசனப் பண்டிகையில் யார் யாரோடு பேசவில்லை என்று கவனிக்கிற ஆச்சிகள் நம் சேகரங்களிலும் (சபை வட்டாரங்களிலும்) உண்டுதானே!

கதையில் ஆட்கள் மளமளவென்று வந்து குவிவார்கள். பலர் புத்தகத்தை மூடிவைப்பது இங்கேதான். ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: பெயர், உறவு, அவர் சொன்ன நேரம். மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். இந்த நாவலில் குருவானவரின் படிப்பறைக் கடிகாரம் எப்போதும் கால் மணி நேரம் முன்னால் ஓடும். அதை அவர் சொல்ல வரும்போது இன்ஸ்பெக்டர் ஸ்லாக் காதில் வாங்குவதே இல்லை. வேலைக்காரப் பெண்களின் பேச்சையும் தாண்டிப் போகாதீர்கள். துப்பு பெரும்பாலும் அங்கேதான் கிடக்கும்.

மற்றவற்றை எப்படியும் படிக்கலாம், இரண்டு ஜோடி தவிர. 'தி பாடி இன் தி லைப்ரரி' (1942) முடித்தபின் 'தி மிரர் கிராக்ட்' (1962). 'எ கரீபியன் மிஸ்டரி' (1964) முடித்தபின் 'நெமிசிஸ்' (1971).

பழைய புத்தகக் கடையில் கவனம்: '4.50 ஃபிரம் பேடிங்டன்' அமெரிக்காவில் 'வாட் மிஸஸ் மெக்கில்லிகடி சா!' என்று வந்தது. இரண்டையும் வாங்கினால் காசு தண்டம்.