இளம் ஆய்வாளரைப் பரிசுக்குப் பரிந்துரைக்கும் முன்

“நீயே ஒரு டிராஃப்ட் எழுதி அனுப்பும்மா, பார்த்துட்டு கையெழுத்துப் போட்டுடறேன்.” பரிசு அறிவிப்புகள் வரும் பருவத்தில் பெங்களூருவின் எந்த ஆய்வு வளாகத்திலும் காதில் விழக்கூடிய வாக்கியம் இது. பரிந்துரைக் கடிதம் எழுத வேண்டிய பேராசிரியர் கெட்ட எண்ணத்தில் இப்படிச் சொல்வதில்லை. விடைத்தாள், திட்ட அறிக்கை, டெல்லிக் கூட்டம் என்று அவருக்கு மூச்சுவிட நேரமிருக்காது. கேட்பவரும் “சரி சார்” என்று தலையாட்டிவிட்டுப் போய், தன்னைப் பற்றியே “இவர்” என்று எழுதத் திண்டாடுவார். பல பரிந்துரைகள் படுத்துவிடுவது இந்த இடத்தில்தான்.

தன்னைத்தானே புகழ்ந்து எழுதுவது நம்மில் பலருக்கு வராது; வந்தாலும் கூச்சத்தோடு வரும். அதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. ஒரு வேலை துறைக்குள் எங்கே நிற்கிறது என்பதை, அந்தத் துறையோடு பல காலம் பழகியவர்தான் சொல்ல முடியும். ‘இந்தக் கேள்வியைத் தொட்டவர்கள் எல்லாம் பாதியில் விட்டுவிட்டார்கள், இவர் வேறு வழியாகப் போய் முடித்தார்’ என்ற வரியை முப்பது வயதுக்காரர் தன்னைப் பற்றி எழுதிக்கொள்ள மாட்டார். அந்த ஒரு வரிக்காகத்தான் நடுவர்கள் உங்கள் கடிதத்தைத் திறக்கிறார்கள். ஆதரவுக் கடிதங்களையும் அவரிடமே எழுதி வாங்கினால் இன்னும் மோசம்: மூன்று பேராசிரியர்களின் கையெழுத்தும் ஒரே நடையில் பேசும். அவரிடமிருந்து வாங்க வேண்டியது இரண்டு பக்கக் குறிப்பு மட்டுமே. முக்கியமான நான்கைந்து வேலைகள், ஒவ்வொன்றிலும் அவர் செய்தது என்ன, அதை யார் எடுத்துப் பயன்படுத்தினார்கள். மற்றதை நீங்கள்தான் எழுத வேண்டும்.

எழுத உட்கார்ந்ததும் வரும் அடுத்த வழுக்கல், கடிதத்தைப் பொன்னாடையாக்கிவிடுவது. ‘தலைசிறந்த’, ‘ஒப்பற்ற’, ‘நாட்டின் பெருமை’ என்று அடைமொழிகளைப் போர்த்திக்கொண்டே போனால் உள்ளே இருக்கும் ஆள் தெரியமாட்டார். நடுவர் குழுவில் எல்லாரும் அந்த உட்பிரிவைச் சேர்ந்தவர்களாக இருக்கப்போவதும் இல்லை. வேதியியலாளரின் கோப்பை இன்னொரு வகை வேதியியலாளர் படிப்பார். சில பரிசுகளில் பொறியாளரும் படிப்பார். அவருக்குப் புரிகிற மொழியில், முன்பு தெரியாமல் இருந்தது என்ன, இப்போது தெரிவது என்ன, அதனால் யாருடைய வேலை மாறியது என்ற மூன்றுக்கும் முதல் பக்கத்திலேயே பதில் இருக்க வேண்டும். இதைச் சொல்லத் தெரியாதபோதுதான் கட்டுரை எண்ணிக்கை, மேற்கோள் எண்ணிக்கை, இதழின் தாக்கக் காரணி (அதில் வரும் கட்டுரைகளுக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோள்) என்று எண்களை அடுக்கத் தோன்றும். இதழின் எண்ணை வைத்துத் தனி ஆய்வாளரை எடை போடாதீர்கள் என்று ஆய்வு மதிப்பீடு பற்றிய சான் பிரான்சிஸ்கோ பிரகடனம் 2012லேயே சொல்லிவிட்டது. நம் ஊர்ப் படிவங்கள் சில இன்னும் அந்த எண்ணைக் கேட்கின்றன. கேட்டால் கொடுங்கள், உங்கள் வாதத்தை அதன் மேல் கட்டாதீர்கள்.

கூட்டு ஆய்வு என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஈர்ப்பலைகளைக் கண்டறிந்த லைகோ கூட்டமைப்பின் 2016 கட்டுரையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெயர்கள். அதில் ஒருவரைப் பரிந்துரைக்கும்போது ‘இந்தச் சாதனையில் இவருக்கும் பங்குண்டு’ என்று எழுதினால் எதையும் சொன்னதாகாது. எந்தக் கணக்கீடு, எந்தக் கருவிப் பகுதி, எந்த முடிவு அவருடையது என்று பிரித்துக் காட்ட வேண்டும். பெயர் வரிசைக்கும் துறைக்குத் துறை பொருள் வேறு. கணிதத்தில் வழக்கமாக அகரவரிசைதான். கடைசியில் இருப்பதால் ஒன்றும் குறைவில்லை. உயிரியலில் முதல் பெயர் பெரும்பாலும் கையால் வேலை செய்தவருடையது, கடைசிப் பெயர் ஆய்வகத் தலைவருடையது. கணிதக்காரரின் கோப்பு உயிரியலாளர் கையில் கிடைத்தால் என்ன நினைப்பார் என்று யோசித்து, ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுங்கள்.

வயது வரம்பில் நல்ல கோப்புகளே அடிபடுகின்றன. ‘இளம்’ என்பதற்கு எல்லாருக்கும் பொதுவான எண் கிடையாது. கும்பகோணத்தோடு சேர்த்துப் பேசப்படும் சாஸ்த்ரா ராமானுஜன் பரிசுக்கு வரம்பு 32, ராமானுஜன் வாழ்ந்ததே அவ்வளவுதான் என்பதால். பெங்களூருவிலிருந்து இயங்கும் இன்ஃபோசிஸ் அறிவியல் அறக்கட்டளையின் பரிசுக்கு முன்பு 50ஆக இருந்தது, 2024இல் 40ஆகக் குறைத்துவிட்டார்கள். பழைய நினைப்பில் நாற்பத்து நான்கு வயதுக்காரருக்காகக் கோப்பு தயாரித்தால் உழைப்பு வீண். சாந்தி ஸ்வரூப் பட்நாகர் பெயரில் வழங்கும் விஞ்ஞான் யுவா விருதுக்கு 45. எந்தத் தேதியில் வயதைக் கணக்கிடுகிறார்கள் என்பதும் பரிசுக்குப் பரிசு மாறும். கணிதத்துக்கான ஃபீல்ட்ஸ் பதக்கத்துக்கு வரம்பு 40, கணக்கிடும் தேதி உலகக் கணித மாநாடு நடக்கும் ஆண்டின் ஜனவரி 1. ஃபெர்மாவின் கடைசித் தேற்றத்தை நிரூபித்த ஆண்ட்ரூ வைல்ஸுக்கே அந்த வரம்பு இடம் கொடுக்கவில்லை. 1998இல் வெள்ளிப் பட்டயம் ஒன்றைத் தனியாகக் கொடுத்துக் கௌரவித்தார்கள். அப்புறம், நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல்: பள்ளியில் சேர்க்கும்போது வசதிக்காகப் போட்ட பிறந்த தேதி. வீட்டில் கொண்டாடும் தேதியைக் கோப்பில் போட்டுவிட்டு, இணைக்கும் சான்றிதழில் வேறு தேதி இருந்தால் விளக்கம் சொல்லி மாளாது. சான்றிதழில் இருப்பதையே போடுங்கள்.

ஒரே கோப்பை எல்லாப் பரிசுக்கும் அனுப்புவதும் இதே அலட்சியத்தின் இன்னொரு முகம். விஞ்ஞான் யுவாவுக்கு முன்பிருந்த பழைய பட்நாகர் பரிசின் விதி, முந்தைய ஐந்து ஆண்டுகளில், பெரும்பாலும் இந்தியாவில் செய்த வேலையைப் பார்த்தது. வெளிநாட்டில் முதுமுனைவராக (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வாளராக) இருந்தபோது செய்த பிரமாதமான வேலையை அத்தகைய விதிக்கு முன் வைத்து என்ன பயன்? விதியைப் படித்துவிட்டு, அதற்கு எது பொருந்துமோ அதை முன்னால் நிறுத்த வேண்டும்.

யாரைப் பரிந்துரைக்கிறோம் என்பதிலும் ஒரு தவறு இருக்கிறது. படிவத்தில் தெரியாது என்பதால் யாரும் பேசுவதில்லை. நம் நினைவுக்கு முதலில் வருபவர் நம் தாழ்வாரத்திலேயே உட்கார்ந்திருப்பவர். கருத்தரங்கில் பலமாகப் பேசுபவர் அடுத்து வருவார். மாநிலப் பல்கலைக்கழகத்தில் வாரம் முழுக்க வகுப்பெடுத்துக்கொண்டே நல்ல வேலை செய்பவர், குழந்தைக்காக ஓரிரு ஆண்டு வேகம் குறைத்த பெண் ஆகியோரின் பெயர் வருவதே இல்லை. பட்நாகர் பரிசு 1958இல் இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணனோடு தொடங்கியது, வேதியியலாளர் அசீமா சாட்டர்ஜி 1961இல் வாங்கினார், அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண். அதற்குப் பிறகும் பட்டியலில் பெண்கள் சிறுபான்மைதான். பெயர் அனுப்பிய பிறகும் கடிதம் கைவிட்டுவிடலாம். அமெரிக்க மருத்துவக் கல்லூரி ஒன்றின் முன்னூறுக்கும் மேற்பட்ட பரிந்துரைக் கடிதங்களை வைத்து 2003இல் வெளியான ஆய்வில், பெண்களுக்கான கடிதங்கள் சராசரியாகச் சிறியவை, சந்தேகம் எழுப்பும் சொற்கள் அவற்றில் அதிகம் என்று கண்டார்கள். நம் கடிதங்களிலும் ஆண் ‘அசல் சிந்தனையாளர்’, பெண் ‘கடின உழைப்பாளி, எல்லாரோடும் ஒத்துப்போவார்’. எழுதி முடித்ததும் பெயரை மாற்றிப் போட்டுப் படித்துப் பாருங்கள். உறுத்தினால் திருத்துங்கள்.

முனைவர் பட்ட வழிகாட்டியே பரிந்துரைத்து, கூட்டு ஆசிரியர்களே ஆதரவுக் கடிதமும் எழுதினால், ஆள் தனியாக நடக்கிறாரா என்ற கேள்வி வரும். அவரோடு சேர்ந்து எழுதாத, ஆனால் அவர் வேலையைப் பயன்படுத்திய ஒருவரின் ஒரு பக்கம், வழிகாட்டியின் நான்கு பக்கத்தைவிடக் கனமானது. அப்படிப்பட்டவரைக் கடைசி வாரத்தில் தேடிப் பிடிக்க முடியாது, ஆறு வாரமாவது முன்னதாகக் கேளுங்கள்.

பரிந்துரை ரகசியமாக இருக்க வேண்டும் என்று சில பரிசுகள் சொல்லும், அங்கே ஆய்வாளரிடமே மூச்சு விடக்கூடாது. இணையதளத்தில் ஏற்றும் வேலையைக் கடைசி நாள் மாலைக்கு வைக்காதீர்கள். பெங்களூருவில் மழையும் மின்வெட்டும் கடைசித் தேதி பார்த்து வருவதில்லை.

கிடைக்கவில்லை என்றால் அடுத்த ஆண்டு அதே கோப்பைத் தேதி மாற்றி அனுப்பாதீர்கள். நடுவர்களில் சிலர் பழையவர்களாகவே இருக்கலாம். இடைப்பட்ட காலத்தில் அவருடைய முறையை வேறு எந்த ஆய்வகம் எடுத்துக்கொண்டது, அவர் வழிகாட்டலில் முதல் மாணவர் பட்டம் வாங்கினாரா, சென்ற முறை பலவீனமாக இருந்த ஆதரவுக் கடிதத்துக்கு வேறு ஆள் உண்டா என்று பார்த்து, முதல் பக்கத்தையாவது புதிதாக எழுதுங்கள்.