கிராம்வெல் குதிரைப் படம்: தலையை நம்பி ஏமாறாதீர்கள்

பழைய செப்புத்தகட்டு அச்சுப்படங்களைச் சேகரிக்க வருகிற புதியவர்கள் எல்லாரும் வரிசையாக அதே பள்ளத்தில் விழுகிறார்கள். கிழிசல், கறை எல்லாம் கண்ணிருந்தால் தெரியும், அதை விடுங்கள்.

தலையை வைத்து உடம்பைப் படிப்பது

இதுதான் இன்னமும் எரிச்சலூட்டுவது. பியர் லொம்பார் என்ற பிரெஞ்சுக்காரர் 1650களில் லண்டனில் செதுக்கிய படம், கவசத்தோடு குதிரைமேல் ஆலிவர் கிராம்வெல், இங்கிலாந்து மன்னரை எதிர்த்துப் போரிட்டு பின்னால் நாட்டையே ஆண்ட தளபதி. போன மாதம் ஒருவர் இதன் பிரதியைக் காட்டி, போர்க்களத்தில் பழகிய உடம்பு, உட்காரும் தோரணையிலேயே தெரிகிறது என்று அரை மணி நேரம் பேசினார்.

அந்தத் தோரணை கிராம்வெல்லுடையதே இல்லை. ஓவியர் வான் டைக் 1633இல் வரைந்த இங்கிலாந்தின் முதலாம் சார்லஸ் மன்னரின் குதிரை ஓவியத்திலிருந்து எடுத்தது. 1649 ஜனவரியில் அந்த மன்னரின் தலையை வெட்டிய மரண ஆணையில் கிராம்வெல்லும் கையெழுத்திட்டிருக்கிறார். 1653இல் லார்ட் புரொடெக்டர், அதாவது மன்னர் இல்லாத நாட்டின் ஆட்சித்தலைவர், ஆனவருக்கு ராஜ கம்பீரம் தேவைப்பட்டபோது, கைவசம் இருந்த மாதிரி தலை வெட்டப்பட்டவருடையதுதான். வேடிக்கை அதோடு முடியவில்லை. இதே தகட்டில் அப்புறம் கிராம்வெல் முகம் போய் சார்லஸ் முகம் வந்தது, தலையே இல்லாத பிரதிகளும் உண்டு. 1660இல் மன்னராட்சி திரும்பி, மறு வருடம் கிராம்வெல் பிணத்தையே தோண்டித் தூக்கிலிட்ட ஊரில் அவர் முகத்தை யார் கடையில் தொங்கவிடுவார்கள்?

செம்பு விலை அதிகம், செதுக்கும் உழைப்பு அதைவிட அதிகம், அதனால் தகட்டை வீசமாட்டார்கள். வேண்டாத இடத்தைச் சுரண்டி, மெருகேற்றி, பள்ளமானதைப் பின்பக்கமிருந்து தட்டிச் சமன்செய்து மறுபடி செதுக்குவார்கள். ஆகவே லென்ஸை முகத்தில் வைக்காதீர்கள், கழுத்தோரத்திலும் தலையைச் சுற்றிய வெளியிலும் வையுங்கள். பழைய கோடுகளின் மிச்சம் அங்கேதான் இருக்கும், உடம்பின் கோடுகள் தேய்ந்திருக்க முகம் மட்டும் புத்தம்புதிதாக இருந்தால் சந்தேகப்படுங்கள். இதைப் பார்க்காமல் பிந்தைய அச்சுக்கு முதல் அச்சின் விலை கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

வான் டைக் கிராம்வெல்லையும் வரைந்தார் என்பது

இல்லை. வான் டைக் 1641இல் இறந்துவிட்டார், கிராம்வெல் குதிரைப்படை திரட்டியதே 1642இல்தான்.

அடியில் உள்ள பெயரை நம்புவது

தலையையே மாற்றியவர்களுக்குப் பெயர் எம்மாத்திரம்!

படத்தை ஃபிரேமோடு வாங்குவது

கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். மறுத்தால் கிளம்புங்கள்.