வீடு அமளிப்படும் நாளில் பூனையை யார் பார்ப்பது?

வளர்க்கும் பூனையோ நாயோ கைவிட்டுப் போவது, நான் பார்த்த வரைக்கும், வீட்டில் வேறொரு பிரச்சினை ஓடிக்கொண்டிருக்கும் நாளில்தான். குளியலறைக் குழாய் வெடித்துத் தண்ணீர் ஹோல் வரைக்கும் வந்துவிட்டது, பிளம்பர் சாமான் எடுக்க உள்ளே வெளியே போய் வருகிறார், அம்மா பழைய பெட்ஷீட்டைத் தரையில் விரிக்கிறார், அப்பா கீழே போய் மெயின் வால்வைத் தேடுகிறார், இதற்குள் காஸ் சிலிண்டரோடும் ஒருவர் வாசலில் நிற்கிறார். எல்லோர் கண்ணும் தண்ணீரில். பின்னேரம் தரை காய்ந்த பிறகுதான் யாராவது கேட்பார்கள்: "பூனை எங்கே?"

வேலைக்கு ஆள் வருகிறார் என்றால், அவர் படியேறும் முன்பே பூனையை ஒரு அறையில் விட்டு, தண்ணீரும் மண் தட்டும் வைத்து, கதவைச் சாத்தி, வெளிப்பக்கம் ஒரு கடதாசியும் ஒட்டிவிடுங்கள். கடதாசி எதற்கு என்றால், அந்த நேரம் பார்த்து வந்த சித்தப்பா பாத்ரூம் என்று நினைத்து அந்தக் கதவைத்தான் திறப்பார். தீபாவளிக்கும் சித்திரைப் புத்தாண்டுக்கும் டிசம்பர் 31 இரவுக்கும் இதே கதைதான்; வெடிச் சத்தத்தில் மிரண்ட நாய், சாதாரண நாளில் ஏறவே முடியாத மதிலையும் பாய்ந்துவிடும். தொடர்மாடியில் இருப்பவர்கள் பல்கனிக்கு வலை போடுங்கள். "பூனைக்குத் தெரியும், அது விழாது" என்பார்கள். காகத்தைக் கண்டால் அதற்கு ஒன்றும் தெரியாது.

அடுத்த தவறு, தேடும் விதம். கொழும்பு வெள்ளவத்தையில் பூனை காணாமல் போனால் உடனே காலி வீதி வரைக்கும், கடற்கரை ரயில் பாதை வரைக்கும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டு ஓடுவோம். வீட்டுக்குள்ளேயே வளர்ந்த பூனை பெரும்பாலும் அவ்வளவு தூரம் போகாது. கிட்டவே எங்காவது ஒடுங்கிக் கிடக்கும், பயத்தில் உங்கள் குரலுக்குக்கூடப் பதில் சொல்லாது. ஆகவே முதலில் உங்கள் கட்டடத்துக்குள்ளேயே தேடுங்கள்: கீழே நிறுத்தியிருக்கும் வாகனங்களுக்கு அடியில், தண்ணீர் மோட்டார் அறையில், ஜெனரேட்டருக்குப் பின்னால், மொட்டை மாடித் தாங்கிகளுக்கு இடையில். பஸ் சத்தமெல்லாம் அடங்கிய பிறகு டோர்ச்சோடு போய்த் தரையோடு தரையாக வெளிச்சத்தைப் பிடித்தால், ஒரு காருக்கு அடியில் இரண்டு பச்சைப் புள்ளிகள் மின்னும். கண்டதும் பாய்ந்து பிடிக்கப் போகாதீர்கள். மீன் டின்னைத் திறந்து வைத்துவிட்டுத் தள்ளி உட்காருங்கள், அதுவாக வரட்டும். நாய் அப்படியில்லை, தூரம் போகக்கூடியது. அதற்கு ஆட்டோ ஸ்டாண்டிலும் மூலைக் கடையிலும் படத்தைக் காட்ட வேண்டும். அப்புறம், நோட்டீசைத் தமிழில் மட்டும் அடிக்காதீர்கள். கேற்றில் நிற்கும் செக்குரிட்டிக்கும் ஆட்டோக்காரருக்கும் சிங்களத்தில் இருந்தால்தான் பயன்.

மருந்து விஷயத்தில் நடக்கும் தவறு இதைவிட மோசம். பூனை சோர்ந்து கிடக்கிறது, உடம்பு சுடுகிறது, வீட்டில் எல்லா நோவுக்கும் பனடோல்தான், அதில் பாதியைப் பொடித்துப் பாலில் கலந்து கொடுப்போம் என்று ஒரு பெரியவர் சொல்வார். கொடுக்கவே கூடாது. பூனையின் ஈரலால் அந்த மருந்தைச் சரியாக உடைத்து வெளியேற்ற முடியாது. இரத்தம் ஒட்சிசனைச் சுமக்க முடியாமல் போகும், முரசு மண்ணிறமாகும், முகம் வீங்கும். ஒரு குளிசை ஒரு பூனையைக் கொல்லப் போதும். நாய்க்கு உண்ணி போக்க வாங்கிய மருந்தைப் பூனைக்குப் பூசுவதும் அதேபோல ஆபத்து, பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்தது என்றால் வலிப்பு வந்துவிடும்.

எலி மருந்தைத் தின்ற நாயைப் பார்த்து "நல்லாத்தானே ஓடித் திரிகிறான்" என்று காத்திருக்கவும் வேண்டாம். பல எலி மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுப்பவை, அறிகுறி தெரியச் சில நாள் எடுக்கும். அதற்குள் போனால் விட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்றலாம். அந்த எலி மருந்துப் பக்கெட்டையும் கையோடு மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். உப்புத் தண்ணீர் பருக்கி வாந்தி எடுக்க வைக்கும் வீட்டு வைத்தியம் வேண்டாம், உப்பே நஞ்சாகிவிடும்.

சரி, எல்லாம் செய்தும் செத்துவிட்டது. வாயால் நீர் வடித்து, விழுங்க முடியாமல், கண்டதையெல்லாம் கடித்துவிட்டுச் செத்திருந்தால் அவசரப்பட்டுப் புதைக்காதீர்கள். விசர்நோயா என்று பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவனத்தில் பரிசோதிப்பார்கள். அது யாரையாவது கடித்திருந்தால், கடிபட்ட இடத்தைச் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், பரிசோதனை முடிவு வரட்டும் என்று இருக்கக் கூடாது.

பிள்ளைகளிடம் "ஊரில் அம்மம்மா வீட்டுக்கு அனுப்பிவிட்டோம்" என்று சொல்லும் வழக்கம் இருக்கிறதே, அது ஓகஸ்ட் விடுமுறை வரைக்கும்தான் தாங்கும். பிள்ளை யாழ்தேவியில் இறங்கிய கையோடு அம்மம்மா வளவெல்லாம் தேடும், அம்மம்மா திருதிரு என்று முழிப்பார். "நித்திரையாகிவிட்டது" என்பதும் வேண்டாம். சின்னப் பிள்ளை தான் நித்திரை கொள்ளவே பயப்படும். செத்துவிட்டது, இனி வராது என்று நேராகச் சொல்லுங்கள். அழட்டும்.

அழுகையை நிறுத்த அடுத்த வாரமே புதுக் குட்டி வாங்குவதும் அவசரம்தான், அதுவும் முன்னைய நாய்க்குட்டி பார்வோ என்ற வைரஸ் நோயில் செத்திருந்தால். அந்தக் கிருமி வீட்டிலும் வளவிலும் மாதக் கணக்கில், சில இடங்களில் ஒரு வருடம்கூடக் கிடக்கும். டெட்டோலை நம்பாதீர்கள், குளோரின் கலந்த பிளீச்தான் வேண்டும், மண் தரையில் அதுவும் அவ்வளவாக எடுபடாது. புதுக் குட்டிக்குத் தடுப்பூசி வரிசை முழுதாகப் போட்டு முடிந்த பிறகு வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.