அசையாத மீன் மயங்கிய மீன் இல்லை: மீன் வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அறுவடை நாளில் புதியவர்களுக்குப் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுப்பது என் வேலை. ஆக்சிஜன் பார், குஞ்சுகளை அடைத்து விடாதே என்பதையெல்லாம் யாரும் சொல்வார்கள், அதனால் இங்கே விட்டுவிடுகிறேன்.

சட்டத்தின் முதல் பக்கத்தோடு நின்றுவிடுவது

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2009-ஆம் ஆண்டு 1099-ஆம் எண் ஒழுங்குமுறை, கொல்லும்போது தவிர்க்கக்கூடிய வலியும் துன்பமும் கூடாது என்கிறது. இது மீனுக்கும் பொருந்தும். ஆனால் மாடு, கோழிக்கு இருக்கும் விரிவான விதிகள் மீனுக்கு இல்லை. விலங்குகளை வதைக்காமல் அறுப்பதற்கான அமெரிக்காவின் 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தில் மீனே கிடையாது. நார்வேயிலோ அறுப்பதற்கு முன் மீனைக் கரியமில வாயுவால் மயக்கவே தடை, சால்மன் கூண்டில் கன மீட்டருக்கு 25 கிலோ மீன்தான் வரம்பு. ஆக, எந்த ஊர்ச் சட்டம், எந்தப் பிரிவு என்று கடைசிவரை படியுங்கள்.

அசையாத மீனை மயங்கிய மீன் என்று எண்ணுவது

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எரிச்சல் வரும். ஒரு பையன் ஐஸ் தொட்டியைக் காட்டி, "எல்லாம் அடங்கிடுச்சு சார், அறுக்கலாமா?" என்றான். ஒரு மீனை எடுத்துப் பக்கவாட்டில் மெல்லச் சாய்த்தேன், உடல் சாய்ந்தும் கண் நிலையை விடாமல் எதிர்ப்பக்கம் உருண்டது, செவுள் மூடியும் விட்டுவிட்டுத் திறந்து மூடியது. அந்த மீனுக்கு உணர்வு போகவில்லை. குளிரிலும் களைப்பிலும் உடல் கட்டுண்டுதான் கிடந்தது.

கரியமில வாயுவிலும் இதே கதைதான்: முதலில் துள்ளித் தவிக்கும், பிறகு அடங்கும், உணர்வு அதற்கும் பிறகுதான் போகும். கரண்ட் குறைவாகக் கொடுத்தால் இன்னும் மோசம், மீன் விறைத்து நிற்கும், உள்ளே எல்லாம் தெரிந்துகொண்டே இருக்கும். உலக விலங்கு சுகாதார அமைப்பின் நீர்வாழ் உயிரின விதித்தொகுப்பு ஐஸ், கரியமில வாயு, வெளியே போட்டு மூச்சுத்திணற விடுவது, மயக்காமல் ரத்தம் வடிப்பது எல்லாவற்றையும் நலக்கேடான முறைகள் என்றே சொல்கிறது. தலையில் சரியான அடி, அல்லது போதுமான மின்சாரம், அப்புறம் தாமதிக்காமல் செவுளை அறுப்பது, இதுதான் வழி. ஒவ்வொரு தொகுதியிலும் சிலவற்றை எடுத்துக் கண்ணையும் செவுளையும் பாருங்கள், சந்தேகம் வந்தால் மறுபடி மயக்குங்கள்.

நஷ்டம் உங்களுக்கும்தான். தவித்துச் செத்த மீனின் தசையில் அமிலம் ஏறி, சீக்கிரமே விறைத்து, துண்டு போடும்போது சதை பிரிந்துகொள்ளும்.

தீனி

தீனியை நிறுத்தாமல் மீனை வண்டி ஏற்றாதீர்கள், நிறுத்திவிட்டு நாள்கணக்கில் மறந்தும் போகாதீர்கள்.

பதிவேடு

அன்றைக்கே எழுதுங்கள்.