இறுதி நாட்களில் நோயாளிக்கு ஆன்மிகத் துணை: மருத்துவமனை சாப்ளினுக்கான செய்முறைக் குறிப்புகள்

நோயாளிக்கு ஆன்மிகத் துணையாக இருப்பவரான சாப்ளினைப் பெரும்பாலும் நேரம் கடந்த பிறகுதான் கூப்பிடுகிறார்கள். மூச்சு இழுக்கத் தொடங்கி, நினைவும் தப்பிய பிறகு, "யாராவது வந்து ஜெபம் பண்ணுங்க" என்று வார்டிலிருந்து போன் வருகிறது. அந்த நேரத்தில் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) செய்ய நோயாளிக்குப் பேச்சு இருக்காது. பேச்சுவார்த்தை அறுந்துபோன மகன் துபாயில் இருந்தால் வந்து சேர முடியாது. சொந்த வீட்டில்தான் உயிர் போக வேண்டும் என்று அவர் நினைத்திருந்தாரா என்பதுகூட யாருக்கும் தெரியாது. ஆகவே முதல் விதி, "இனி நோயைக் குணப்படுத்த முடியாது" என்று மருத்துவர் முடிவு செய்யும் நாளிலேயே சாப்ளினுக்கும் தகவல் போக வேண்டும். மற்ற எல்லாமே இதற்குப் பிறகுதான்.

வேலூர் சி.எம்.சி. போன்ற கிறிஸ்தவ மருத்துவமனைகளில் சாப்ளின் என்று தனியாகவே ஒருவர் இருப்பார். மற்ற இடங்களில் இதே வேலையைப் பயிற்சி பெற்ற தன்னார்வலரோ சமூகப் பணியாளரோ செய்கிறார். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் வழியாக, வலியையும் வேதனையையும் தணிக்கும் ஆதரவு சிகிச்சை வீட்டு வாசலுக்கே வருகிறது. அங்கே செவிலியரே இந்தப் பொறுப்பையும் சுமக்க நேரலாம். பதவியின் பெயர் எதுவானாலும் முறை ஒன்றுதான். நோயாளி மனதில் எதைச் சுமந்துகொண்டிருக்கிறார் என்று அவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு வேண்டிய ஆளையும் பொருளையும் நேரத்தோடு கொண்டுவந்து சேர்ப்பது.

அறைக்குள் போகும் முன்

செவிலியரிடம் ஐந்து விஷயங்களைக் கேளுங்கள். நோய் என்ன, எந்த நிலை? அவருக்கு எவ்வளவு தெரியும்? கடைசியாக வலி மருந்து எப்போது கொடுக்கப்பட்டது? விழுங்க முடிகிறதா? தொற்று எச்சரிக்கை ஏதாவது உண்டா?

மூன்றாவது கேள்வியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். வாயால் கொடுக்கும் சாதாரண மார்ஃபின் மாத்திரை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை தரப்படுவது. கொடுத்து ஒரு மணி நேரம் ஆன பிறகு போனால் வலி அடங்கியிருக்கும், பேசத் தெம்பு இருக்கும். அடுத்த வேளை மருந்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் போனால் அவர் உங்களுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவார். வலியில் துடிப்பவரிடம் கடவுளைப் பற்றிப் பேச்செடுக்காதீர்கள். திரும்பிப் போய்ச் செவிலியரைக் கூப்பிடுங்கள். அன்றைய ஆன்மிகப் பணி அதுதான்.

இதன் மறுபக்கமும் உண்டு. லண்டனில் 1967-இல் இறுதிநிலை நோயாளிகளுக்கான செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் இல்லத்தைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், உடல் வலியோடு மனம், குடும்பம், ஆன்மா சார்ந்த வேதனைகளும் பின்னிக் கிடப்பதை 'முழு வலி' என்றார். மருந்தின் அளவைக் கூட்டிக்கொண்டே போயும் ஒருவருக்கு வலி அடங்கவில்லை, இரவில்தான் அதிகமாகிறது, தனியாக விட்டால் அலறுகிறார் என்றால், மருத்துவர் மருந்தைப் பார்ப்பதோடு சாப்ளினையும் அனுப்ப வேண்டும்.

முதல் சந்திப்பு

கையைக் கழுவுங்கள், போனை அணைத்துவிடுங்கள். நாற்காலியை இழுத்து அவர் கண்மட்டத்துக்கு உட்காருங்கள். நின்றபடி பேசினால் 'இவர் கிளம்பப் போகிறார்' என்றுதான் தோன்றும். பெயரையும் வேலையையும் சொல்லிவிட்டு, "கொஞ்ச நேரம் உட்காரலாமா ஐயா?" என்று அனுமதி கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். ஊசியையும் குழாயையும் மறுக்க முடியாத ஒருவர் மறுக்கக்கூடிய ஒரே ஆள் நீங்களாக இருக்கலாம். அந்த உரிமை அவருக்கு இருக்கட்டும். "நாளைக்கு இந்தப் பக்கம் வரும்போது எட்டிப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டு வந்தால், மறுநாள் அவரே கூப்பிடுவதும் உண்டு.

பதினைந்து, இருபது நிமிடம் போதும். பலவீனமானவருக்கு ஐந்து நிமிடமே அதிகம்.

எந்த மதம் என்று கேட்டு ஆரம்பிக்க வேண்டாம். அது கேஸ் ஷீட்டிலேயே இருக்கும். "மனசு ரொம்ப உடைஞ்சு போறப்ப எதைப் பிடிச்சுக்குவீங்க?" என்று கேளுங்கள். சாமி, பேரன், வேலை, கட்சி, பாட்டு என்று எது வேண்டுமானாலும் பதிலாக வரலாம். அடுத்து, "அது இப்போ கை கொடுக்குதா?", "யார் வந்து பார்த்தா நல்லா இருக்கும்?", கடைசியாக, "நான் என்ன செய்யணும்?" இந்த நான்கு கேள்விகளுக்கும் ஒரே நாளில் பதில் கிடைக்க வேண்டியதில்லை.

அவர் கேட்கும் கேள்விகள்

நம் ஊர் வார்டுகளில் திரும்பத் திரும்பக் காதில் விழும் வாசகம், "நான் என்ன பாவம் செஞ்சேன்?" என்பது. இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் இதைக் கேட்கிறார்கள். பெரும்பாலான புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். "அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லம்மா" என்று உடனே மறுத்தால் பேச்சு நின்றுவிடும். கர்மவினை, கடவுளின் சோதனை என்று விளக்கம் கொடுத்தால் அவருடைய குற்ற உணர்ச்சிக்கு நீங்களே முத்திரை குத்தியதாகிவிடும். "அப்படி நினைக்கிற மாதிரி ஏதாவது மனசுல ஓடுதாம்மா?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். சிலரிடம் அது வெறும் ஆற்றாமை, அழுது தீர்ப்பார். சிலரிடம் நிஜமான ஒரு சம்பவம் வெளியே வரும்: கைவிட்ட முதல் மனைவி, தம்பியை ஏமாற்றி எழுதி வாங்கிய நிலம், யாரிடமும் சொல்லாத கருக்கலைப்பு. அதைக் கேட்டு முகம் மாறாமல் இருப்பதற்குப் பயிற்சி வேண்டும்.

"எல்லாம் சரியாயிடும்", "தைரியமா இருங்க" என்பவற்றைச் சொல்லவே வேண்டாம். சரியாகாது என்று அவருக்குத் தெரியும். பயப்படக்கூட அனுமதி இல்லை என்றுதான் அவர் புரிந்துகொள்வார். "நான் செத்துப் போயிடுவேனா?" என்று நேராகக் கேட்டால், "உங்களுக்கு என்ன தோணுது ஐயா?" என்று கேளுங்கள். மருத்துவத் தகவலை உடைத்துச் சொல்வது மருத்துவரின் பொறுப்பு. பொய் சொல்லாமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

"சீக்கிரம் கூட்டிட்டுப் போயிடு சாமி" என்பது களைப்பில் வரும் பேச்சாக இருக்கலாம். ஆனால் மாத்திரைகளைச் சேர்த்து வைப்பதோ, உயிரை மாய்த்துக்கொள்வது பற்றித் திட்டமாகப் பேசுவதோ தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும். இரகசியம் காக்கும் கடமை அங்கே பொருந்தாது.

"அவருக்குச் சொல்லிடாதீங்க"

அறைக்கு வெளியே மகன் கையைப் பிடித்துக்கொள்வார்: "அப்பாவுக்கு கேன்சர்னு தெரியாது, சொல்லிடாதீங்க." உள்ளே அப்பா சொல்வார்: "பையன் தாங்க மாட்டான், எனக்குத் தெரியும்னு காட்டிக்காதீங்க." இரண்டு பக்கமும் அன்புதான் பூட்டுப் போடுகிறது. மகனைக் கண்டிக்காதீர்கள். "சொன்னா என்ன ஆகும்னு பயப்படுறீங்க?" என்று கேட்டு, அந்தப் பயத்தைப் பேச விடுங்கள். பிறகு, "நானா எதையும் சொல்ல மாட்டேன். ஆனா அவரே கேட்டா பொய் சொல்ல மாட்டேன், டாக்டரைக் கூட்டிட்டு வருவேன்" என்று தெளிவாகச் சொல்லுங்கள். இந்த மௌனத்தால் வரும் இழப்பையும் எடுத்துச் சொல்லலாம்: சொத்து விவரம், பிடித்த பேத்திக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை, மன்னிப்பு எல்லாமே பேசப்படாமல் போய்விடும்.

மனம்விட்டுப் பேச வழி பிறந்தால் நாலு வார்த்தை போதும்: என்னை மன்னிச்சிடு, நானும் மன்னிச்சிட்டேன், நன்றி, உன் மேல எனக்கு எப்பவும் பாசம்தான். நம் ஆண்கள் பலர் இதை நேருக்கு நேர் சொல்ல மாட்டார்கள். போனில் குரலைப் பதிவு செய்து கொடுங்கள், அல்லது அவர் சொல்லச் சொல்ல எழுதிக் கொடுங்கள். வெளிநாட்டில் இருப்பவருக்கு வீடியோ கால் போதும், விமானத்துக்குக் காத்திருக்க வேண்டாம். உயில் பேச்சு வந்தால் இந்தியாவில் பொதுவாக இரண்டு சாட்சிகளின் கையெழுத்து வேண்டும். பதிவு செய்வது கட்டாயமில்லை. சாப்ளின் சாட்சியாக நிற்கவே கூடாது. வழக்கறிஞரைக் கைகாட்டுவதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

சடங்குகள்

கத்தோலிக்கருக்குக் குருவானவரை அழைப்பதில் தாமதம் வேண்டாம். ஒப்புரவு (பாவசங்கீர்த்தனம்), நோயில்பூசுதல் (எண்ணெய் பூசி மன்றாடுவது), நற்கருணை (அர்ச்சிக்கப்பட்ட அப்பம்) ஆகிய மூன்றும் முறையாக நடக்க வேண்டுமானால் நோயாளி பேசவும் விழுங்கவும் வேண்டும். நோயில்பூசுதலைக் குருக்கள்தான் செய்ய முடியும், அதுவும் உயிர் இருக்கும்போதுதான். இறந்த பிறகு வந்தால் இறந்தோருக்கான மன்றாட்டு மட்டுமே. விழுங்கச் சிரமப்பட்டால் நற்கருணையின் மிகச் சிறிய துண்டு போதும் என்று குருவானவரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) குடும்பங்கள் திருவிருந்தையும் பாமாலைப் பாடலையும் பைபிளின் 23-ஆம் சங்கீதத்தையும் விரும்புவார்கள். பெந்தெகொஸ்தே போதகர்கள் குணமளிக்கும் ஜெபத்துக்கு வந்தால் தடுக்க வேண்டாம். "சத்தத்தைக் குறைச்சுக்குங்க, மருந்தை நிறுத்தச் சொல்லாதீங்க" என்ற இரண்டை மட்டும் வாசலிலேயே பேசிக்கொள்ளுங்கள்.

முஸ்லிம் நோயாளிக்கு மதகுரு கட்டாயமில்லை, உறவினரே போதும். கிப்லாவை (மக்காவில் உள்ள காபாவின் திசையை) நோக்கி வலப்பக்கமாகப் படுக்க வைப்பார்கள். தமிழ்நாட்டிலிருந்து அது மேற்கே, சற்று வடக்காக. கட்டிலைத் திருப்ப முடியுமா என்று முன்பே பாருங்கள். இஸ்லாமிய நம்பிக்கை வாக்கியமான கலிமாவை மெதுவாகக் காதருகே சொல்வார்கள், வற்புறுத்துவதில்லை. குர்ஆனின் யாசீன் அத்தியாயத்தை ஓதுவதும் வழக்கம். அடக்கம் விரைவாக நடக்க வேண்டும் என்பதால், இறப்புக் காரணச் சான்றுக்கான படிவம் 4, பில், ஆம்புலன்ஸ் ஆகியவற்றை இழுத்தடிக்காமல் பார்த்துக்கொள்வதே நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

இந்துக் குடும்பங்களில் வழக்கம் வீட்டுக்கு வீடு மாறும். ஒருவருக்குத் திருநீறும் சிவபுராணமும், இன்னொருவருக்குத் துளசித் தீர்த்தமும் விஷ்ணு சகஸ்ரநாமமும், வேறொருவருக்கு குலதெய்வக் கோயில் மண். கேட்டுச் செய்யுங்கள். மூச்சுத் திணறல் உள்ளவர் நெற்றியில் திருநீற்றைத் தூவாமல் தண்ணீரில் குழைத்துப் பூசுங்கள்.

கவனம் அதிகம் தேவைப்படுவது வாயில் பாலோ கங்கை நீரோ ஊற்றும் வழக்கம். பிள்ளைகள் ஒவ்வொருவரும் ஒரு ஸ்பூன் ஊற்ற வேண்டும் என்று வரிசையில் நிற்பார்கள். நினைவு தப்பியவரால் விழுங்க முடியாது. ஊற்றியது மூச்சுக்குழாய்க்குள் போய்ப் புரையேறி, கடைசி நிமிடங்கள் இருமலும் திணறலுமாகும். 'நான் ஊத்தினதாலதான் போயிட்டார்' என்ற எண்ணம் அந்தப் பிள்ளையை வருடக்கணக்கில் அரிக்கும். "கூடாது" என்று தடுத்தாலும் கடமை தவறிய உறுத்தல் தங்கிவிடும். சுத்தமான பஞ்சையோ துணியையோ நனைத்துப் பிழிந்து கையில் கொடுங்கள், உதட்டையும் நாக்கு நுனியையும் ஈரமாக்கச் சொல்லுங்கள். தலையை ஒருபக்கமாகச் சாய்த்துக்கொள்ளுங்கள். சடங்கும் நிறைவேறும், உலர்ந்த வாய்க்கு இதமாகவும் இருக்கும்.

ஆக்சிஜன் ஓடும் அறையில் விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி, மெழுகுவர்த்தி எதையும் ஏற்றக் கூடாது. பேட்டரி விளக்கை வைத்துக்கொண்டு, உண்மையான விளக்கை வீட்டுப் பூஜையறையில் ஏற்றச் சொல்லலாம்.

பெரியார் வழி நின்றவர்களுக்கும் சாப்ளின் தேவைப்படலாம், பிரார்த்தனைக்காக அல்ல. மதம் சார்ந்த உறவினர் கடைசி நேரத்தில் சடங்கைத் திணித்துவிடாமல் காப்பதும், தோழர்கள் வந்து பார்க்க ஏற்பாடு செய்வதும் உங்கள் வேலை. கண்தானம் அவர் விருப்பமானால் இறந்த 6 மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். அதுவரை இமைகளை மூடி ஈரப்பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வையுங்கள்.

நோயாளியின் வீட்டுக்குப் போகும்போது ஒரு எச்சரிக்கை. தென் மாவட்டங்கள் சிலவற்றில், முதியவருக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்து உயிரை முடிக்கும் 'தலைக்கூத்தல்' நடந்திருக்கிறது. அது கொலை. அந்தச் சாடையில் பேச்சு வந்தால் உடனே குழுவின் மருத்துவரிடம் சொல்லுங்கள். பராமரிப்பவரின் களைப்பும் கடனும் அதற்குப் பின்னால் இருந்தால் அதற்கும் அன்றே வழி தேட வேண்டும்.

கடைசி மணிநேரங்கள்

கை கால் சில்லிட்டு, தோலில் நீலத் திட்டுகள் வரும். மூச்சு நின்று நின்று வரும். தொண்டையில் கரகர ஒலி கேட்கும். இது நோயாளியை வதைப்பதைவிடச் சுற்றி நிற்பவர்களைத்தான் வதைக்கிறது. செவிலியர் சொன்ன விளக்கத்தை எளிய தமிழில் மறுபடி சொல்லுங்கள்: தொண்டையில் நீர் தேங்குவதால் வரும் சத்தம், ஒருக்களித்துப் படுக்க வைத்தால் குறையும். சோறு ஊட்ட வேண்டாம். காது கேட்கக்கூடும் என்பதால் கட்டிலருகே சொத்துப் பேச்சும் சண்டையும் வேண்டாம். ஒவ்வொருவராக வந்து கையைப் பிடித்துப் பேசட்டும்.

வீட்டில் உயிர் பிரிய வேண்டும் என்பவர்களை இந்த நிலையில் அவசரமாக டிஸ்சார்ஜ் செய்தால் பாதி வழியில் ஆம்புலன்ஸிலேயே முடிந்துவிடும். அதனால்தான் முதல் வாரத்திலேயே "எங்க இருக்க ஆசைப்படுறீங்க?" என்று கேட்க வேண்டும். வீடு என்றால் வலி மருந்தும் வீட்டுக்கு வரும் செவிலியரும் முதலில் உறுதியாகட்டும்.

இறந்த பிறகு

உடனே உடலை எடுக்க விடாதீர்கள். குடும்பம் பார்க்க, தொட, அழக் கொஞ்ச நேரம் வாங்கிக் கொடுங்கள். ஒப்பாரியை அடக்கச் சொல்வதற்குப் பதில் தனி அறை கேளுங்கள். தாலி, மோதிரம் போன்ற நகைகளை இருவர் முன்னிலையில் எழுதி ஒப்படையுங்கள்.

கேஸ் ஷீட்டில் குழுவுக்குப் பயன்படும் இரண்டு மூன்று வரி மட்டும் எழுதுங்கள்: "மூத்த மகனோடு பேசினார். குருவானவர் வந்து போனார். இரவில் தனிமை பயம், துணைக்கு ஆள் வேண்டும்." அவர் மனம் திறந்து சொன்ன பழைய இரகசியங்களுக்கு அங்கே இடமில்லை.

காரியமெல்லாம் முடிந்து உறவினர் கலைந்த பிறகுதான் வீடு வெறிச்சோடும். ஆறாவது வாரத்தில் ஒரு போன் செய்யுங்கள். முதல் நினைவு நாளுக்கு முன் இன்னொன்று. "தூக்கம் எப்படி, சாப்பாடு எப்படி, வெளியே போறீங்களா?" என்று கேட்டாலே நிலைமை தெரியும். ஆறு மாதம் கடந்தும் அன்றாட வேலை எதையும் செய்ய முடியாமல் துக்கம் முதல் நாள் போலவே இருந்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகச் சொல்லுங்கள். எந்த மருத்துவமனையில், எந்த நாளில் பார்க்கலாம் என்பதையும் அந்தப் போனிலேயே சொல்லிவிடுங்கள்.